ஊதினால் எரிகிறது, விட்டால் அணைகிறது: கைத்துருத்தி வைத்த அடுப்பில் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

அடுப்பு தகராறு செய்தால் கை தானாகத் துருத்திக்குப் போகும். அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஊதுவதை அடியோடு நிறுத்திவிட்டு, மனசுக்குள் நிதானமாக இருபது எண்ணுங்கள். அதற்குள் அடுப்பு என்ன செய்கிறது என்று பார்த்தாலே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

தணல் சட்டென்று கறுத்துப்போனால், தணல் போதாது அல்லது சிதறிக் கிடக்கிறது. தணல் சிவப்பாகவே இருந்து, மேலே வைத்த விறகு மட்டும் வெள்ளைப் புகை விட்டால், விறகில் ஈரம். நிறுத்தியதும் புகை குறைந்து தானாகவே சுவாலை எழுந்தால், அடுப்பில் குறையே இல்லை, ஊதின விதம்தான் தப்பு. ஊதினபோதும் நிறுத்தினபோதும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லையா? காற்றே போய்ச் சேரவில்லை. துருத்தியைப் பார்க்க வேண்டும்.

இங்கே சொல்வது மூன்று கருவிகளுக்குப் பொருந்தும். ஒன்று, ஒன்றரை அடி நீள ஊதாங்குழல், மூங்கிலோ இரும்போ. இரண்டாவது, இரண்டு பலகைக்கு நடுவே தோல் மடிப்பு வைத்த கைத்துருத்தி. மூன்றாவது, கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே விசிறி சுழலும் இரும்பு ஊதி. ஈயம் பூசுகிறவர்களும் வண்டியில் சோளம் சுடுகிறவர்களும் வைத்திருப்பது அது. கடையில் ‘கை புளோயர்’ என்று கேட்டால் கொடுப்பார்கள்.

மூன்றுக்கும் விதி ஒன்றுதான்: காற்றைத் தணலுக்குக் கொடுக்க வேண்டும், சுவாலைக்குக் கொடுக்கக் கூடாது. விறகு சூடேறினால் அதிலிருந்து வாயு வெளியே வருகிறது. சுவாலையாக எரிவது அந்த வாயு. வாயு போனபின் மிஞ்சும் கரிதான் தணல். தணலில் காற்றுப் பட்டால் சூடு ஏறும், அந்தச் சூடு அடுத்த விறகிலிருந்து வாயுவைக் கிளப்பும். நேராகச் சுவாலையின் மேல் குளிர்ந்த காற்றை அடித்தால் வாயு எரியும் சூட்டுக்குக் கீழே இறங்கி, புகையாக வெளியேறிவிடும். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்தில் வந்து முடியும்.

ஊதினால் சிவக்கிறது, நிறுத்தினால் கறுக்கிறது

இதுதான் அதிகம் கேட்கப்படும் புகார். துருத்தியில் பழுது என்று நினைத்து ஆணியைப் பிடுங்குகிறவர்களும் உண்டு. துருத்தி சரியாக வேலை செய்வதால்தான் சிவக்கிறது. குறை தணல் மெத்தையில்.

ஒற்றைக் கங்கு தன் சூட்டை நாலு பக்கமும் இழந்துவிடும். பக்கத்தில் இன்னொரு கங்கு இருந்தால் ஒன்றின் சூட்டை மற்றொன்று வாங்கித் திருப்பிக் கொடுக்கும். இடுக்கியால் கங்குகளை அடுப்பின் நடுவுக்குத் தள்ளி, உள்ளங்கை அகலத்துக்கு, மூன்று விரல் கனத்துக்குக் குவியுங்கள். அவ்வளவு கங்கு இல்லையென்றால் ஊதிப் பயனில்லை. ஒரு கொட்டாங்குச்சியை நாலாக உடைத்து, குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி கங்கின்மேல் கவிழுங்கள். அடியிலிருந்து மெதுவாக ஊதுங்கள். சிரட்டை சுவாலை விட்டு எரிந்து முடிந்ததும் கெட்டியான கரித்தணலாக நிற்கும். இரண்டு சிரட்டை போட்டால் பெரும்பாலான வீட்டு அடுப்புக்கு மெத்தை தயார்.

கங்கு இருந்தும் கறுத்தால் மேலே சாம்பல் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். நீறு பூத்த தணலுக்குக் காற்றுப் போகாது. துருத்தியால் சாம்பலை ஊதித் தள்ளப் பார்க்காதீர்கள். அது சட்டியில்தான் விழும். கம்பியால் லேசாகத் தட்டிவிட்டால் தானாக உதிரும்.

இன்னொரு காரணம், விறகு தணலைத் தொடாமல் நிற்பது. நுனி எரிந்து குட்டையானதும் விறகுக்கும் தணலுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விழுந்துவிடும். ஒவ்வொரு ஐந்து பத்து நிமிடத்துக்கும் விறகை உள்ளே தள்ளுவது ஊதுவதைவிட முக்கியமான வேலை. இரண்டு விறகு ஒன்றையொன்று பார்த்தபடி, நடுவே ஒரு விரல் சந்து விட்டு இருக்க வேண்டும். ஒற்றைக் கட்டை எவ்வளவு காய்ந்திருந்தாலும் தனியாக எரிய அடம்பிடிக்கும். நெருக்கி அடைத்தால் காற்றுப் போகாது.

ஊத ஊதப் புகைதான் வருகிறது

முதல் சந்தேகம் ஈரம். வெட்டின பச்சை விறகின் எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். நன்றாகக் காய்ந்த விறகில் நூற்றுக்குப் பதினைந்து இருபது பங்குதான் இருக்கும். தண்ணீர் வற்றும்வரை கட்டையின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டாது. மரம் தாராளமாக வாயு விட 250, 300 டிகிரி வேண்டும். எவ்வளவு ஊதினாலும் அந்தச் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும்.

ஈரத்தைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்ததில் கணீரென்ற ஓசை வரும், ஈரத்தில் மொத்தென்று வரும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு விரிசல் ஓடியிருந்தால் காய்ந்தது. எரியும்போது மறுமுனையில் நுரை தள்ளினால் கேள்வியே வேண்டாம், எடுத்து வெளியே போடுங்கள். மணிக்கட்டுக் கனத்தைவிடப் பெரிய கட்டையைப் பிளந்துதான் காய வைக்க வேண்டும். பட்டையோடு உருண்டையாகக் கிடப்பது மாசக்கணக்கில் காயாது. மழைக்காலத்தில் அடுப்பின் பின்புறத் திண்டில் மறுநாள் விறகை அடுக்கும் பழக்கம் வீண் பழக்கம் இல்லை. ஆனால் அடுப்பு வாயிலிருந்து ஒரு முழமாவது தள்ளி அடுக்குங்கள்.

விறகு காய்ந்துதான் இருக்கிறது, ஆனாலும் புகைகிறது என்றால் துருத்தி மூக்கு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். விறகின் மேலேயோ சுவாலையின் நடுவிலேயோ காற்று விழுந்தால் புகைதான் மிஞ்சும். மூக்கைக் கீழே இறக்கி, தணலின் அடிப்பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். நாலு அமுக்கு, பிறகு நிறுத்தம், சுவாலை வருகிறதா என்று பார்த்து மறுபடி நாலு. சுவாலை வந்ததும் துருத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும். சுவாலைக்குத் தேவையான காற்றைச் சுவாலையே இழுத்துக்கொள்ளும்.

மூன்றாவது காரணம் பாத்திரம். அடுப்பு விளிம்பில் இருக்கும் மூன்று குமிழ்கள் பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுவாலை வெளியேற இடம் விடுவதற்காக வைத்தவை. குமிழ் தேய்ந்து பாத்திரம் விளிம்பில் பதிந்து உட்கார்ந்துவிட்டால் புகைக்குப் போக்கிடம் அடுப்பு வாய்தான், அதாவது ஊதுகிறவர் முகம். ஒரு விரல் கனத்துக்குச் சந்து இருக்க வேண்டும். களிமண்ணும் உமியும் சேர்த்துப் பிசைந்து குமிழை மறுபடி பிடித்துவிடலாம். இரண்டு நாள் நிழலில் காயட்டும். புகைபோக்கி வைத்த அடுப்பானால் கரி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பற்றவைக்கும் முன் தென்னையின் காய்ந்த பன்னாடைத் துண்டு ஒன்றைக் கொளுத்திப் போக்கியின் வாயில் காட்டினால் சுவாலை உள்ளே இழுபட வேண்டும். நிமிர்ந்தே நின்றால் அடைப்பு இருக்கலாம்.

எரிந்துகொண்டிருந்த சுவாலை ஊதினதும் அணைகிறது

மூக்கு மிக அருகில் இருக்கிறது, அல்லது அமுக்கு மிக வேகம். தணலுக்கும் துருத்தி மூக்குக்கும் நாலு விரல் முதல் ஒரு சாண் வரை இடைவெளி வேண்டும். தள்ளிப் பிடித்தால் பலம் குறையுமே என்று தோன்றும். நடப்பது வேறு: மூக்கிலிருந்து வரும் தாரை போகிற வழியில் பக்கத்துக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், வேகம் குறைந்து அளவு கூடும். அடுப்புக்கு வேண்டியது அந்த அளவுதான். ஊதாங்குழலுக்கும் இதே கணக்கு.

வேகத்துக்கு ஒரு அளவு சொன்னால், கைத்துருத்தியை ஒருமுறை மூட இரண்டு நொடி, திறக்க இரண்டு நொடி. படபடவென்று அடித்தால் துருத்தி முழுதாக நிரம்பவே நிரம்பாது.

சாம்பல் சட்டியில் விழுகிறது, பொறி தெறிக்கிறது

சாம்பலுக்கு மருந்து, சமைக்கும் முன் அடுப்பை வாருவது. ஒரு விரல் கனத்துக்குச் சாம்பல் கிடந்தால் தரையிலிருந்து வரும் ஈரத்தைத் தடுக்கும், அதற்கு மேல் வேண்டாம். பால், பாயசம் போன்றவை அடுப்பில் இருக்கும்போது மூடி வைக்காமல் ஊதக் கூடாது.

பொறி மூன்று இடத்திலிருந்து வரும். ஈரமான கரி வெடிக்கும். பட்டையோடு கூடிய கரி தெறிக்கும். மூங்கில் துண்டை முழுசாகப் போட்டால் கணுக்களுக்கு நடுவே அடைபட்ட காற்று விரிந்து பட்டாசு மாதிரி வெடிக்கும், அதைப் பிளந்துதான் போட வேண்டும். மழையில் நனைந்த கரியை வெயிலில் இரண்டு நாள் விரித்துப் போடாமல் அடுப்பில் ஏற்றாதீர்கள். ஓலைக் கூரைக்குக் கீழே கை ஊதியைச் சுற்றுவது எந்த நிலையிலும் கூடாது. ஊதாங்குழல் கிளப்பும் பொறியைவிட ஊதி கிளப்பும் பொறி உயரமாகப் போகும், கூரையையும் தொடலாம். ஊதுகிறவர் பருத்தித் துணி உடுத்தி, முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும். மண்ணெண்ணெயைத் தணலில் ஊற்றிவிட்டு ஊதுவதைப் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்றுதான்: செய்யாதீர்கள். சூடான தணலில் விழும் எண்ணெய் உடனே ஆவியாகி, ஒரே மூச்சில் முகத்தை நோக்கிப் பற்றும்.

கைத்துருத்தியை அமுக்கினால் பலமே இல்லை

மூக்கின் துளையைக் கட்டைவிரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு பலகையை அமுக்குங்கள். நல்ல துருத்தி எதிர்த்து நிற்கும், மெல்ல மெல்லத்தான் இறங்கும். எதிர்ப்பே இல்லாமல் தொப்பென்று மூடினால் காற்று வேறு வழியில் போகிறது.

முதலில் நாக்கைப் பாருங்கள். கீழ்ப்பலகையில் மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துளை இருக்கும், அதன் உட்புறம் ஒரு தோல் மடல். துருத்தியைத் திறக்கும்போது அது உள்பக்கமாகத் தூக்கிக்கொண்டு காற்றை விடும். மூடும்போது துளையின்மேல் படிந்து அடைத்துக்கொள்ளும். துருத்தியைக் காதருகே வைத்துத் திறந்து மூடினால் ‘டப்’ என்று படியும் ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் மடல் சுருண்டுவிட்டது, அல்லது கரித்துண்டு சிக்கியிருக்கிறது. துளை வழியாகக் குச்சியை விட்டுத் தட்டிப் பாருங்கள். சுருண்ட மடலுக்கு மருந்து கிடையாது, மாற்ற வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கன ஆட்டுத்தோல், துளையைவிட எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, ஒரு ஓரத்தில் மட்டும் இரண்டு செருப்பாணி அடியுங்கள்.  சைக்கிள் டியூப் துண்டும் நன்றாகப் படியும், ஆனால் அடுப்புச் சூட்டில் சீக்கிரம் இறுகிவிடும். தற்காலிகத்துக்கு மட்டும்.

நாக்கு சரி என்றால் தோலில் கசிவு. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, மூக்கை அடைத்தபடி மெதுவாக அமுக்கிக்கொண்டே, மடிப்பு முழுக்க, ஆணி வரிசை முழுக்க அதைக் கொண்டு போங்கள். புகை எங்கே விலகி ஓடுகிறதோ அங்கே ஓட்டை. பெரும்பாலும் மடிப்பின் முதுகில், அல்லது மூக்கோடு தோல் சேரும் கழுத்தில் இருக்கும். சின்னப் பிளவுக்கு மேல்பக்கத்திலிருந்து மெல்லிய தோல் ஒட்டுப் போடலாம். இரண்டு முகத்திலும் செருப்பு ஒட்டும் பசை தடவி, பத்து நிமிடம் உலரவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். துருத்தியை முழுதாகத் திறந்து வைத்த நிலையில்தான் ஒட்ட வேண்டும், மூடி வைத்து ஒட்டினால் திறக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். ஆணி வரிசையில் கசிந்தால் ஆணிக்கும் தோலுக்கும் நடுவே அரை அங்குலத் தோல் பட்டி வைத்து, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஆணி அடியுங்கள். தோலை நேராக ஆணியால் பிடித்தால் அந்த ஆணியே பிளவுக்கு வித்திடும். பலகையில் உளுத்த துளைகள் இருந்தால் தேன்மெழுகை உருக்கி விடலாம்.

தோல் விறைத்து, திறக்கவே பலம் வேண்டியிருக்கிறதா? காய்ந்துவிட்டது. அடுப்பங்கரையில் அடுப்புக்கு நேர் மேலே ஆணியில் மாட்டி வைத்தால் இப்படித்தான் ஆகும். வெளிப்பக்கம் மட்டும் ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெயை இளஞ்சூடாக்கித் தடவி, மடிப்புகளில் தேய்த்து, இரவு முழுக்கத் திறந்த நிலையில் விடுங்கள். மறுநாள் மிச்சத்தைத் துணியால் துடைக்க வேண்டும். உட்புறம் எண்ணெய் படக் கூடாது. உள்ளே ஒரு பொறி போனால் எண்ணெய்த் தோல் பற்றிக்கொள்ளும்.

துருத்தியிலிருந்து தீய்ந்த வாடை வருகிறது

உள்ளே பொறி போயிருக்கிறது. உடனே வெளியே கொண்டுபோய், தணலிலிருந்து விலக்கி, நாலைந்து முறை ஓங்கி அமுக்குங்கள், கங்கு மூக்கு வழியாக வெளியே வரும். புகை நிற்கவில்லை என்றால் நாக்குத் துளை வழியாக ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். தோல் கெட்டாலும் பரவாயில்லை, வீடு மிஞ்சும். கருகும் தோல் பல மணி நேரம் கழித்தும் பற்றும்.

காரணம் இதுதான்: துருத்தியைத் திறக்கும்போது காற்று நாக்கு வழியாக மட்டும் வருவதில்லை, மூக்கு வழியாகவும் கொஞ்சம் வரும். மூக்குத் தணலில் புதைந்திருந்தால் கங்கையே உறிஞ்சிக்கொள்ளும். திறக்கும்போதெல்லாம் மூக்கைச் சற்று மேலே தூக்கிவிடுங்கள், மூடும்போது இறக்குங்கள். பழகிவிட்டால் கை தானாகச் செய்யும். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் உறிஞ்சுதல் இன்னும் மோசமாகும். ஆகவே வாடை வந்த துருத்தியில் நாக்கையும் பார்த்துவிடுங்கள்.

கை ஊதியைச் சுற்றுகிறோம், காற்று வரவில்லை

கைப்பிடி லேசாகச் சுற்றி, உள்ளே விசிறிச் சத்தம் கேட்கவில்லை என்றால் விசிறியை அச்சில் பிடிக்கும் சிறு திருகு தளர்ந்திருக்கிறது. பக்கத் தகட்டைக் கழற்றி, அச்சில் தட்டையாக ராவிய இடத்துக்கு நேராகத் திருகைக் கொண்டுவந்து இறுக்கினால் முடிந்தது.

விசிறி சுழல்கிறது, ஆனால் காற்று மந்தம் என்றால் எதிர்ப்புறமாகச் சுற்றுகிறீர்களோ என்று பாருங்கள். இந்த வகை விசிறியை எதிர்ப்புறம் சுற்றினாலும் காற்று அதே குழாய் வழியாகத்தான் வரும், குறைவாக வரும். அதனால் பலருக்குத் தெரிவதே இல்லை. கூடு நத்தை ஓடு போல அகன்று அகன்று வெளிவாய்க்கு வரும். விசிறியும் அந்த அகலும் திசையில் சுழல வேண்டும். கியர் இருப்பதால் கைப்பிடியின் திசையும் விசிறியின் திசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்து, குழாய் வாயில் ஒரு காகிதக் கீற்றைத் தொங்கவிட்டு, எது அதிகம் தள்ளுகிறதோ அந்தத் திசையைக் கூட்டின்மேல் பெயின்டால் குறித்துவிடுங்கள்.

கறகறவென்று உரசினால் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்து விசிறி கூட்டில் படுகிறது. லேத் பட்டறையில் புஷ் போட்டுத் தருவார்கள். இறுக்கமாகச் சுற்றினால் எண்ணெய்ப் பிரச்சினை: நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் விட்டிருப்பார்கள், அது நாளடைவில் பிசினாகிவிடும். மண்ணெண்ணெயால் கியரைக் கழுவி, நன்றாக உலர்ந்த பின் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள்.

நிறுத்திவிட்டு மறுபடி சுற்றும்போது குழாய்க்குள் ‘டொப்’ என்று வெடித்தால் அதை விளையாட்டாக விடாதீர்கள். ஊதியை நிறுத்தினதும் எரியாத வாயு குழாய்க்குள் பின்வாங்கித் தங்கிவிடும், அடுத்த சுற்றில் காற்றோடு கலந்து தணலில் பட்டதும் பற்றும். புது விறகோ சிரட்டையோ போட்ட உடனே நிறுத்துவதால்தான் இது நடக்கிறது. குழாயை அடுப்போடு மண் பூசி அடைத்துவிடாமல், ஊதியின் வாய்க்கும் குழாய்க்கும் நடுவே அரை விரல் சந்து விடுங்கள். நிறுத்தம் எடுக்கும்போது ஊதியையே விலக்கி வைப்பது இன்னும் நல்லது.

குழாயைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீருக்குப் போடும் ஜிஐ குழாயைத் தணலுக்குள் நீட்டாதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு 420 டிகிரியில் உருகும், 907-ல் கொதிக்கும். ஊதின கரி அந்தச் சூட்டைத் தாண்டும். அப்போது பூச்சிலிருந்து எழும் வெள்ளைப் புகையை முகர்ந்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். அடுப்புப் பக்கத்து ஒரு முழத்துக்காவது பூச்சில்லாத கறுப்பு இரும்புக் குழாய், ஒன்று அல்லது ஒன்றேகால் அங்குலம், போதும்.

குமுட்டி அடுப்பில் கரி இருக்கிறது, சூடு இல்லை

குமுட்டி என்பது கரி போட்டு எரிக்கும் சின்ன அடுப்பு, கரி அதன் கம்பித்தட்டின்மேல் இருக்கும். அந்தத் தட்டு அடைத்திருக்கும். கரியோடு வந்த மண்ணும் சாம்பலும் ஊதின சூட்டில் இளகி, கண்ணாடிபோல இறுகிக் கிட்டமாக ஒட்டிக்கொள்ளும். கீழ்க் கதவு வழியாகப் பார்த்தால் சிவப்பு வெளிச்சம் தட்டு முழுக்கச் சீராகத் தெரிய வேண்டும். கறுப்பாகத் தெரியும் இடமெல்லாம் அடைப்பு. ஆறினபின் கம்பியால் நெம்பி எடுங்கள், சூட்டில் நெம்பினால் தட்டு வளையும். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் விறகை மண்ணால் மூடி மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக் கருவேலங்கரி கெட்டியானது, நன்றாக நின்று எரியும். ஆனால் மூட்டத்து மண் ஒட்டியிருக்கும், சாக்கின் அடித்தூளை அப்படியே கொட்டாமல் சலித்துப் போடுங்கள். கோழிமுட்டை அளவுத் துண்டுகள் நல்லது. தூள் காற்றை அடைக்கும், பெரிய கட்டி நடுவே பொந்து விடும்.

பாத்திரத்தின் அடி உருகிவிட்டது

ஊதின கரித்தணல் சாதாரணமாக 1000 டிகிரியைத் தொடும். அலுமினியம் 660-ல் உருகும். தண்ணீர் இருக்கும்வரை அடி தப்பும், வற்றிய நிமிடம் ஓட்டை விழும். ஈயச்சொம்பிலும் பூச்சிலும் இருக்கும் வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிப் போய்விடும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பைக் கை ஊதி வைத்த அடுப்பில் ஏற்றுவது, உள்ளே புளித்தண்ணீர் இருந்தாலும், கேட்டு வாங்கும் நஷ்டம். தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவாலை நக்கும் விளிம்பு உருகும். ஈயம் பூசின பித்தளைக்கும் அதே எச்சரிக்கை. ஊதுகிற அடுப்புக்கு இரும்பும் மண்சட்டியும்தான் சரி, அதிலும் மண்சட்டியை மெதுவாகச் சூடேற்ற வேண்டும்.

பொங்கல் அடுப்பு பிடிக்கவே மாட்டேன் என்கிறது

வருஷத்துக்கு ஒருமுறை முற்றத்தில் மூட்டும் அடுப்பில் எல்லாக் கோளாறும் ஒன்றாக வரும். மார்கழிப் பனி குடித்த மண், நனைந்த புதுச் செங்கல், முந்தின நாள் வெளியே அடுக்கின விறகு. தரையில் உடைந்த ஓட்டுத் துண்டோ காய்ந்த மணலோ பரப்புங்கள். பானை ஏற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே பன்னாடை, காய்ந்த பாளை, சிரட்டை போட்டு வெறும் அடுப்பை எரித்துவிடுங்கள். கல் சூடான பிறகு விறகு. வெட்டவெளியில் துருத்திக்கு வேலையே குறைவு. காற்று வரும் பக்கம் ஒரு தகரத்தைச் சாய்த்து, அது அடுப்பு வாய்க்கு மட்டும் போகும்படி செய்தால் போதும்.

ஊதுகிறவருக்குத் தலை சுற்றுகிறது

ஊதாங்குழலில் தொடர்ந்து பலமாக ஊதினால் மூச்சு அதிகமாக வெளியேறித் தலை கிறுகிறுக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து சாதாரணமாக மூச்சு விட்டால் ஓரிரு நிமிடத்தில் தெளியும். குழலை வாயில் வைத்தபடியே மூச்சை உள்ளே இழுக்காதீர்கள். ஒவ்வொரு ஊதலுக்கும் முகத்தைத் திருப்பி வெளிக்காற்றை வாங்க வேண்டும்.

தெளியவில்லை, தலை வலிக்கிறது, குமட்டுகிறது, அறையில் இருக்கும் இன்னொருவருக்கும் அப்படியே இருக்கிறது என்றால் அது ஊதின களைப்பு இல்லை. கரித்தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாடையில்லை. தணல் மெத்தை கனமாக இருந்து அடியிலிருந்து ஊதும்போது அதிகமாக உண்டாகும். மேலே நீலச் சுவாலை ஆடினால் அந்த வாயு எரிகிறது என்று பொருள், நீலம் அணைந்தால் எரியாமல் அறைக்குள் வருகிறது. எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, தெளிவில்லாமல் இருப்பவருக்கு 108-ஐ அழையுங்கள். புகை வரவில்லை என்பதற்காகக் குமுட்டி அடுப்பை மூடிய அறையில் வைப்பது, குளிருக்காக அதோடு படுப்பது, இரண்டும் உயிருக்கு ஆபத்து.

இரவு மூடி வைத்த தணல் காலையில் இல்லை

சன்னக் கங்காக இருந்தால் விடியும்முன் தீர்ந்துவிடும். கைமுட்டி அளவுக் கெட்டிக் கங்கு இரண்டு மூன்று வேண்டும். புளியங்கட்டை, கருவேலங்கட்டை நிற்கும், முருங்கையும் தென்னை மட்டையும் நிற்காது. கங்குகளை நெருக்கிக் குவித்து, சலித்த காய்ந்த சாம்பலால் நாலு விரல் கனத்துக்கு மூடுங்கள். காலையில் உள்ளே அணைந்த கரித்துண்டு மட்டும் இருந்தால் மூடல் அதிகம், அடுத்தமுறை ஒரு விரல் குறையுங்கள். ஒன்றுமே மிஞ்சாமல் வெறும் சாம்பலாக இருந்தால் மூடல் போதவில்லை. திறக்கும்போது சாம்பலை ஓரமாக ஒதுக்கி, கங்கின்மேல் தேங்காய் நார் ஒரு பிடி வைத்து, ஊதாங்குழலால் மூன்று நீள ஊதல். இந்த வேலைக்குக் கை ஊதி வேண்டாம், சாம்பலைத்தான் வீடு முழுக்கப் பரப்பும்.

வாரின சாம்பலில் மறுநாள் வரைக்கும் உயிருள்ள கங்கு ஒளிந்திருக்கும். பிளாஸ்டிக் வாளியிலோ குப்பைமேட்டிலோ கொட்டாமல், மூடியுள்ள தகர டின்னில் போட்டு, ஒரு நாள் கழித்துத் தொட்டுப் பார்த்த பிறகு செடிக்குப் போடுங்கள்.